ஸ்கிராட்ச் சொல்லிக்கொடுக்க இணையத்தில் எது உருப்படி?

எட்டு வயது மகளுக்கு ஸ்கிராட்ச் (கட்டளைத் துண்டுகளை அடுக்கி விளையாட்டும் அனிமேஷனும் செய்யும், குழந்தைகளுக்கான நிரல் மொழி) சொல்லிக்கொடுக்கலாம் என்று தேடியபோது முதலில் மாட்டியது காசு கட்டிப் பார்க்கும் ஒரு வீடியோ வகுப்பு. ஒருவர் பேசிக்கொண்டே போகிறார், குழந்தை அதை அப்படியே பார்த்துச் செய்கிறது, வீடியோவை மூடியதும் எல்லாம் மறந்துபோகிறது. தண்டம்.

அப்புறம்தான் ஸ்கிராட்ச் தளத்துக்கே போனோம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேப் 2007-இல் வெளியிட்டது, முழுக்க இலவசம், ஆஃப்லைன் செயலியும் உண்டு. அங்கிருக்கும் டுடோரியல்கள் பரவாயில்லை ரகம்தான், ஆனால் மற்றவர்கள் செய்த விளையாட்டைத் திறந்து உள்ளே என்னென்ன பிளாக் (கட்டளைத் துண்டு) இருக்கிறது என்று பார்க்கலாம், ரீமிக்ஸ் அழுத்தி நம் இஷ்டத்துக்கு மாற்றலாம், இதற்கு ஈடாக எந்த வகுப்பும் இல்லை. '10 அடி நகர்' என்பதை 100 ஆக்கினாள், ஸ்கிராட்ச் திரையில் இருக்கும் பூனைப் பாத்திரம் இரண்டு மூன்று தாவலில் திரை ஓரத்துக்குப் போய்விட்டது. சரி, -10 போட்டால்? பூனை பின்னால் நடந்தது. எதிர்ம எண்ணை நான் தனியாக விளக்கவே இல்லை!

சின்னச் சின்னச் செய்முறைகளைச் சொல்லும், அச்செடுத்துக்கொள்ளும் ஸ்கிராட்ச் அட்டைகள் நன்றாக இருக்கின்றன. ஆசிரியர்களுக்கு ஹார்வர்டின் கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங் பாடத்திட்டம் உண்டு, அதுவும் இலவசம், கொஞ்சம் நீளம், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 5 முதல் 7 வயதுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர், வாசிக்கத் தெரியாத குழந்தையும் படத்தைப் பார்த்தே ஓட்டும்.

கணக்கு இல்லாமலும் எடிட்டரில் வேலை செய்யலாம், ஆனால் மூடுவதற்கு முன் கோப்பைக் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒருநாள் அழுகை அதனால்தான்.