திரிசூலம் ஸ்டேஷன்: ஏர்போர்ட் வாசலில் ஒரு பத்து ரூபாய் வழி

சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் "சார், டாக்சி" என்று சூழ்ந்துகொள்பவர்களுக்குத் தலையாட்டுவதற்கு முன் எதிர்ப்பக்கம் பாருங்கள், ஏர்போர்ட் முன்னால் போகும் ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டினால் திரிசூலம் ஸ்டேஷன். இது இருக்கும் சென்னை கடற்கரை - தாம்பரம் பாதையில் 1931 முதலே மின்சார ரயில் ஓடுகிறது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போனாலும் டிக்கெட் 10 ரூபாய்தான். டாக்சிக்காரர் பார்க்கிங்குக்குக் கேட்பதில் பாதிகூட வராது!

சென்ட்ரல் போகிறவர்கள் பார்க் ஸ்டேஷனில் இறங்கி சாலையைக் கடந்தால் போதும், எழும்பூருக்கு நேராகவே போகலாம். ஒரு பை, ஒரு தோள்பை என்று வருபவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பெரிய டிராலியோடு வந்தால் படிக்கட்டு ஏறி இறங்குவதற்குள் மூச்சு வாங்கும். காலையிலும் மாலையிலும் ஆபீஸ் கூட்டத்தில் பெட்டியை எங்கே வைப்பது என்றே தெரியாது, மற்ற நேரத்தில் ஜன்னலோர சீட்டே கிடைக்கும். காற்று வாங்கிக்கொண்டு, மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டு போகலாம் (அந்தக் கொய்யா டிக்கெட்டைவிட விலை அதிகம், அது வேறு கதை).

2025 ஏப்ரலில் ஏசி ரயிலும் விட்டார்கள், குறைந்தபட்சம் 35 ரூபாய். மே மாத மத்தியானம் என்றால் தரலாம், மார்கழியில் எதற்கு? நள்ளிரவு விமானத்துக்கு மட்டும் இதை நம்பாதீர்கள், அந்த நேரத்தில் ரயில் இருக்காது.