பியர்டட் ஐரிஸ் கிழங்கு வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

நேற்றுக் காலையில்தான் முதல் பூ விரிந்தது. வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆன்லைனில் செடி, கிழங்கு விற்கும் ஒரு கடையில், இதழில் தாடி வைத்த பியர்டட் ஐரிஸ் பூவின் கிழங்கு என்று ரூ. 4,850 கொடுத்து வாங்கினேன். வந்திருப்பது அது இல்லை.

காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ரோஜாவும் அடீனியமும் தொட்டியில் வளர்க்கிறேன். பொங்கலையொட்டி இங்கே நடக்கும் சின்ன மலர்ப் போட்டிக்கு வருஷா வருஷம் கொண்டுபோவேன். இந்த முறை யாரிடமும் இல்லாத பூவை வைக்க ஆசைப்பட்டேன். மூன்று இதழ் நிமிர்ந்து நிற்கும், மூன்று இதழ் தழைந்து தொங்கும், தொங்குகிற இதழில் தாடி மாதிரி மெத்தென்று மயிர் வரிசை. படத்தில் பார்த்தாலே கண்ணை எடுக்க முடியாது.

பணம் போடும் முன் போன் செய்து தெளிவாகவே கேட்டேன். "தம்பி, இது குளிர்ப் பிரதேசத்துப் பூவாச்சே, எங்க ஊர் வெயில் தாங்குமா?"

"ஆச்சி, இது வெயிலுக்குன்னே வந்த ரகம். உங்க பக்கம் தேவகோட்டைக்குக்கூட அனுப்பியிருக்கேன். தையில பூத்துரும். பூக்கலைன்னா என்னைக் கேளுங்க."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் எட்டு நிறத்துக்கு ரூ. 4,850 அனுப்பினேன்.

கிழங்குகள் வந்தன. ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயர் எழுதிய சீட்டு. செம்மண்ணில் மணலும் சரளையும் கலந்து, கிழங்கின் முதுகு வெளியே தெரியும்படி நட்டேன். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்று ஐப்பசி மழையில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். இலைகள் விசிறி போல அழகாக வந்தன, ஐரிஸ் இலை மாதிரியேதான். தை வந்தது, போட்டியும் முடிந்தது, மொட்டைக் காணோம். கேட்டால், "முதல் வருஷம் வேர் பிடிக்கும், பொறுங்க." அப்புறம் போனையே எடுக்கவில்லை.

நேற்று விரிந்தது உள்ளங்கையில் அடங்கும் ஆரஞ்சுப் பூ. மேலெல்லாம் சிவப்புப் புள்ளி. ஆறு இதழும் ஒரே மாதிரி மல்லாந்து கிடக்கின்றன, தாடியே கிடையாது. சாயங்காலம் பார்த்தால் ஈரத்துணியைப் பிழிந்தாற்போல முறுக்கிக்கொண்டுவிட்டது. அது நீலம் என்று சீட்டுப் போட்ட தொட்டி! தோட்டக்கலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் சித்தப்பா பார்த்ததுமே சொல்லிவிட்டார், இது பிளாக்பெர்ரி லில்லி என்று. நம் வெயிலில் சாதாரணமாக வளரும் செடி.

படம் அனுப்பினேன். பதில் என்ன தெரியுமா? "இதுவும் ஐரிஸ்தான் மேடம், கூகுள்ல பாருங்க." பார்த்தேன். 2005இல் தாவரவியலாளர்கள் இதை ஐரிஸ் பேரினத்தில், அதாவது பல ஐரிஸ் வகைகளும் சேர்ந்த பெரிய கூட்டத்தில், சேர்த்திருப்பது உண்மைதான். அதற்காக இது பியர்டட் ஐரிஸ் ஆகிவிடுமா? நான் ரூ. 4,850 கொடுத்தது எதற்கு? திரும்பக் கேட்டால், "7 நாளுக்குள்ள சொல்லியிருக்கணும்" என்கிறார்கள். கிழங்கு 7 நாளில் பூத்துக் காட்டுமா? அதற்கப்புறம் என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள்.

வாங்கும் ஆசை இருந்தால் இதையாவது பாருங்கள். பியர்டட் ஐரிஸ் பூக்க நல்ல குளிர்காலம் வேண்டும், நம் பக்கத்து மார்கழிப் பனி அதற்குப் போதாது. சமவெளிக்கென்றே வந்த ரகம் என்று யார் சொன்னாலும் பணம் போடாதீர்கள். ரத்தச் சிவப்பில் படம் போட்டிருந்தால் உடனே விலகுங்கள், பியர்டட் ஐரிஸில் அசல் சிவப்பே கிடையாது. கிழங்கு வந்ததும் ஒரு ஓரம் கீறிப் பாருங்கள். உள்ளே ஆரஞ்சு மஞ்சளாக இருந்தால் அது நான் ஏமாந்த செடிதான், ஐரிஸ் கிழங்கு வெளுப்பாக இருக்கும். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், பேசியதை எழுத்தில் வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த ரூ. 4,850 கைக்கு வரும்வரை விடப்போவதில்லை.