நிலநடுக்க மின்னஞ்சல் சேவை: பல ஆண்டுப் பாவனைக்குப் பின்

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் நிலநடுக்கங்களை மின்னஞ்சலில் இலவசமாக அறிவிக்கும் சேவையில், வெள்ளவத்தையில் குடியிருக்கும் நான் 2016இல் பதிந்துகொண்டேன். அக்கா இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மருதமுனையில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வசிக்கிறார்; 2004 டிசெம்பர் 26 காலை அந்தக் கரையில் நடந்ததை எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

பதிவது இலகு. வேண்டிய பிரதேசத்தைத் தெரிவுசெய்து, எந்த அளவுக்கு மேற்பட்ட அதிர்வுகள் அறிவிக்கப்பட வேண்டும் என்று பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியே குறிக்கலாம். சுமாத்திரா, அந்தமான் பக்கத்துக்கு 5.5 என்றும் உலகின் ஏனைய பகுதிகளுக்கு 6 என்றும் வைத்தேன். அந்த 6 தவறான தெரிவு என்பதை ஆர்க்டிக் கிராமம் ஒன்றின் கதையே எனக்கு உணர்த்தியது.

2018 ஓகஸ்ட் 12 இரவு, அலாஸ்காவின் வடகோடியில் 6.4 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டதாக மின்னஞ்சல் வந்தது. அந்தப் பகுதியில் அதுவரை பதிவானவற்றுள் அதுவே பெரியது. ஆனாலும் அப்பிரதேசத்திலுள்ள காக்டோவிக் கிராமத்தில் ஓர் உயிரும் போகவில்லை. அதற்கு முந்திய ஆண்டு, 2017 ஜூன் 17 இரவு, மேற்குக் கிறீன்லாந்தில் நூகாற்சியாக் என்ற, நூறு பேர்கூட இல்லாத மீன்பிடிக் கிராமத்தை அலை அடித்துச் சென்றபோது எனக்கு எந்த அறிவித்தலும் வரவில்லை. கருவிகளில் அது 4.1 அளவு அதிர்வாகவே பதிந்திருந்தது. முதலில் நிலநடுக்கம் என்றே கருதப்பட்டாலும், உண்மையில் கராட் ஃபியோர்டு என்ற, மலைகளுக்கிடையே நுழையும் ஒடுங்கிய கடற்கழியின் செங்குத்தான மலைச்சரிவில் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்திலிருந்து பாறைத்தொகுதி ஒன்று இடிந்து கடலில் விழுந்திருந்தது; அது கிளப்பிய அலை சுமார் 30 கிலோமீற்றர் கடந்து வந்து 11 வீடுகளை வாரிக்கொண்டு போனது, 4 பேர் உயிரிழந்தார்கள். அயல் கிராமமான இல்லோர்சூயிற்றிலிருந்தும் மக்கள் வெளியேற்றப்பட்டனர். மலை மீண்டும் சரியலாம் என்பதால் இரண்டு கிராமத்தவரும் சொந்த வீடுகளுக்குக் குடிதிரும்பவில்லை.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. அந்தக் கிராமத்திலேயே ஒரு நிலநடுக்கப் பதிவு நிலையம் இருந்தது. சரிவதற்கு முந்திய பல மணித்தியாலங்களாக ஒரே வடிவிலான மிகச் சிறிய அதிர்வுகள் வரவர நெருங்கி வந்ததை அது பதிந்திருக்கிறது; ஆய்வாளர்கள் அவற்றைப் பின்னரே பிரித்தறிந்தார்கள். இத்தனை நுண்ணிய அதிர்வுகளை எந்த மின்னஞ்சல் சேவையும் அனுப்பாது, அனுப்பும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அதிர்வின் அளவு நிலம் எவ்வளவு குலுங்கியது என்பதைச் சொல்லுமே தவிர, நீர் என்ன செய்யும் என்பதைச் சொல்லாது.

எனவே கரையோரத்தில் உறவினர் உள்ளவர்களுக்கு இச்சேவையை மனதாரப் பரிந்துரைக்கிறேன், ஆனால் இதனை எச்சரிக்கை என்று கொள்ள வேண்டாம். தூர நாட்டு நிலநடுக்கம் பற்றிய செய்தி வந்துசேரப் பத்து இருபது நிமிடங்களோ அதற்கு மேலோ செல்லலாம்; எச்சரிக்கையை அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடமிருந்தே எதிர்பார்க்க வேண்டும். 2004இல் சுமாத்திராவிலிருந்து அலை கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது என்பதால், தாமதமாக வரும் மின்னஞ்சலும் அக்காவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கப் போதும். உலகளாவிய எல்லையை இப்போது 4.5 ஆகக் குறைத்திருக்கிறேன்; நூகாற்சியாக்கின் 4.1 இதிலும் அகப்பட்டிராது என்பது தெரியும். நாளுக்குப் பல மின்னஞ்சல்கள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் அளவைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தைத் திறந்து, பக்கத்தில் கடலும் ஊரும் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன்.