ஏர்லைன் சேஃப்டி மென்பொருள்: டெமோவில் தெரியாதவை

இந்திய விமான நிறுவனம் ஒன்றின் சேஃப்டி பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊழியர்கள் பார்த்த ஆபத்துகளைப் பற்றி ரிப்போர்ட் வாங்குவது, ரிஸ்க் மதிப்பிடுவது, திருத்த நடவடிக்கையைப் பின்தொடர்வது, ஆடிட் என எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்கு முன்பு எக்செல்லும் காகிதப் படிவமும்தான். மென்பொருளின் பெயரைச் சொல்லவில்லை. சந்தையில் இருக்கும் பலவும் ஏறக்குறைய இதே வசதிகளோடுதான் வருகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த வசதி, விற்க வந்தவர்கள் ஒரு வரியில் கடந்துபோனது: ரிப்போர்ட் எழுதியவருக்குப் பதில் எழுதாமல் அதை மூட முடியாது. முன்பெல்லாம் ரேம்ப்பில் (விமானம் நின்று ஆட்களும் சாமான்களும் ஏறும் இடம்) யாரிடம் கேட்டாலும் "எழுதிப் போட்டா மட்டும் என்ன சார் ஆகப்போகுது" என்பார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். ஒருமுறை, சாமான்களை விமானத்தில் ஏற்றும் பெல்ட் லோடர் வண்டியின் முன்பக்க ரப்பர் பம்பர் தேய்ந்து, இரும்பு வெளியே தெரிகிறது என்று சாமான் ஏற்றும் ஊழியர் ஒருவர் படத்தோடு அனுப்பியிருந்தார். அந்த இரும்பு விமானத்தின் உடற்பகுதியில் உரசினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பம்பர் மாற்றப்பட்டது. புது பம்பரின் படம் அவருடைய போனுக்குப் போனது. அதன்பின் அதே ஷிஃப்ட்டிலிருந்து தேய்ந்த சாக் (சக்கரத் தடுப்புக் கட்டை), விமானம் நிற்கும் இடத்தில் அழிந்துபோன கோடு, இரவில் எரியாத விளக்கு என்று வரிசையாக ரிப்போர்ட் வர ஆரம்பித்தது. எண்ணிக்கை கூடுகிறதே என்று மேலிடத்தில் கவலைப்பட்டார்கள். ஆபத்து கூடவில்லை, இத்தனை நாள் பார்த்தும் பேசாமல் இருந்தவர்கள் இப்போது பேசுகிறார்கள் என்று விளக்க வேண்டியிருந்தது.

படிவம் முதலில் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. தமிழிலும் இந்தியிலும் எழுதலாம் என்று மாற்றச் சொல்லி வாங்கினோம். இதற்காகப் போராடியது வீண்போகவில்லை. ஆனால் தேடல் வசதி தமிழில் தடுமாறுகிறது. ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் குறிச்சொல் போட வேண்டியிருக்கிறது.

நேரம் இன்னொரு தலைவலி. காக்பிட்டிலிருந்து வருவது யுடிசி என்ற உலகப் பொது நேரம், ரேம்ப்பிலிருந்து வருவது இந்திய நேரம். அதிகாலை நாலரைக்குச் சென்னையில் பறவை மோதினால், விமானியின் ரிப்போர்ட்டில் அது முந்தைய நாள் இரவு 23:00. ஒரே சம்பவம் இரண்டு தேதிகளில் இரண்டாகப் பதிவாகும். வாங்கும் முன்பே இதைச் சோதித்துப் பாருங்கள்.

ரிஸ்க் மேட்ரிக்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடக்கும் வாய்ப்பு ஒரு பக்கம், விளைவின் தீவிரம் மறுபக்கம் என ஐந்துக்கு ஐந்து கட்டம், பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சையைப் பார்த்ததும் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடுகிறது, அதுதான் எனக்குப் பயம். ஏன் அந்தக் கட்டம் என்று காரணம் எழுதுவதைக் கட்டாயமாக்கினோம்.

எஃப்டிஎம், அதாவது பறப்புத் தரவுக் கண்காணிப்பு, புறப்படும்போது அதிகபட்ச எடை 27,000 கிலோவுக்கு மேற்பட்ட விமானங்களுக்கு ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) விதிப்படி 2005 முதல் கட்டாயம். அதை ரிப்போர்ட்டுகளோடு ஒரே திரையில் வைத்துப் பார்த்தபோதுதான் மென்பொருளின் உண்மையான பலன் தெரிந்தது. ஒரு ஓடுபாதையில் மட்டும் விமானங்கள் உயரமாகவும் வேகமாகவும் வருவதைத் தரவு காட்டியது. ஏன் என்பதை ரிப்போர்ட்டுகள் சொன்னன: விமானக் கட்டுப்பாட்டிலிருந்து ஷார்ட்கட் கிடைக்கிறது, உயரத்தைக் குறைக்கத் தூரம் போதவில்லை. தரவு மட்டும் இருந்திருந்தால் பழி விமானி மேல்தான் விழுந்திருக்கும்.

விமானியின் பெயர் பூட்டப்பட்டிருக்க வேண்டும். அதைத் திறக்கும் உரிமை ஒரே ஒருவரிடம் இருந்தால் போதும். கோ-அரவுண்ட் (இறங்காமல் மீண்டும் மேலே போவது) செய்ததற்காக யாருக்கும் விளக்கக் கடிதம் போகாதபடி அமைத்திருக்கிறோம். 2010 மே 22 மங்களூரில் 158 பேர் இறந்த விபத்தில், அப்ரோச் (ஓடுபாதையை நெருங்கி இறங்குவது) நிலையாக இல்லாததைக் கண்டு கோ-அரவுண்ட் செய்யச் சொன்னார் துணை விமானி. கேப்டன் தொடர்ந்து இறக்கினார். இறங்காமல் மேலே போவதற்கு எந்த விமானியும் தயங்கக் கூடாது. மென்பொருளின் ஒரு தானியங்கி மின்னஞ்சல்கூட அந்தத் தயக்கத்தை உண்டாக்கிவிடும்.

ஹசார்ட் ரெஜிஸ்டரின் (தெரிந்த ஆபத்துகளின் பட்டியல்) நினைவூட்டலும் உதவுகிறது. போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னையில் பார்வைத் தூரம் குறைவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் டிசம்பரிலேயே அது திரையில் வந்து நின்றால்தான் கூடுதல் எரிபொருள், மாற்று விமான நிலையம் பற்றியெல்லாம் நிதானமாகப் பேச முடிகிறது.

கடைசியாக, தரவை வெளியே எடுக்கும் வசதி. 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514 விமானம் வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கும்போது மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்பு யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில், எந்த உயரம் வரை இறங்கலாம் என்ற அதே குழப்பத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. டிடபிள்யூஏவுக்கு அது போய்ச் சேரவில்லை. 1976-இல் நாசா நடத்தும் ரகசிய ரிப்போர்ட்டிங் முறை தொடங்கியதற்கு இந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். எனவே ரிப்போர்ட்டுகளை மற்றவர்களோடு பகிரக்கூடிய வடிவத்தில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். எங்கள் மென்பொருளில் பட்டியல் வருகிறது, இணைத்த படங்கள் வருவதில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் அதை எழுத்தில் கேட்டிருக்கிறோம்.