யாரைச் சுடுவது? கம்பார் மலைமுகட்டில் மூன்று விதிகள்

குட்டிப் பொம்மைச் சிப்பாய்களையோ அட்டைச் சில்லுகளையோ நகர்த்திச் சண்டைகளை ஆடும் மேசைப் போர் விளையாட்டில் அதிகம் வாக்குவாதம் வருவது பகடையால் இல்லை, எந்த இலக்கைச் சுடலாம் என்ற கேள்வியால்தான். மலேசியாவின் பினாங்கில் எங்கள் கூட்டம் கம்பார் சண்டையை, அதாவது 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை பேராக் மாநிலத்தில் ஜப்பானியருக்கும் பிரிட்டிஷ், இந்தியப் படைகளுக்கும் நடந்ததை, மூன்று விதங்களில் மாற்றி மாற்றி ஆடுகிறது.

முதலாவது, இஷ்டப்படி சுடுவது. பார்வைக்கோட்டில் இருக்கும் யாரையும் தேர்ந்தெடுக்கலாம். வேகமான விதி, புதியவருக்கும் சட்டென்று புரியும். ஆனால் மேசையை மேலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவதெல்லாம் பால்மரத்தடியில் (ரப்பர் மரத்தடியில்) படுத்திருக்கும் சிப்பாய்க்குத் தெரியாது. ஜப்பானியப் பக்கம் ஆடுகிறவர் முதல் சுற்றில் பிரென் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கிக்காரனைக் காலி செய்வார், அடுத்த சுற்றில் அதிகாரியை. அத்தோடு எதிர்ப்பக்கம் படுத்துவிடும். நிஜத்தில் நடந்தது வேறு. ஜனவரி 2 அன்று கம்பாரின் தாம்சன் முகட்டில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் சீக்கியக் கம்பெனியை நடத்திப்போன கேப்டன் கிரஹாமின் கால்களைச் சிதைத்தது ஒரு மோட்டார் (mortar) குண்டு, குட்டைக் குழாயிலிருந்து மேலே எறியப்படுவது. மோட்டார் குண்டு ஆள் பார்த்து விழுவதில்லை. அதிகாரி விழுந்தும் தாக்குதல் நிற்கவில்லை, இழந்த பதுங்குகுழிகளை மீட்டார்கள்.

இரண்டாவது, கிட்டத்தில் இருப்பவனைத்தான் சுட வேண்டும் என்பது. 2004-ல் வந்த வார்ஹாமர் 40,000 என்ற மேசைப் போர் விளையாட்டின் நான்காம் பதிப்பில் இது இருந்தது: தூரத்து இலக்கு வேண்டுமென்றால் இரண்டு பகடை உருட்டி, கூட்டுத்தொகை சுடும் பிரிவின் தலைமைப் புள்ளிக்குள் (அதன் கட்டுப்பாட்டைக் காட்டும் எண்) வர வேண்டும். புள்ளி 8 என்றால் 36-ல் 26 முறை தேறும், ஏறக்குறைய 72 விழுக்காடு. 7 என்றால் 58-தான். பதற்றத்தில் இருப்பவன் எதிரே ஓடிவருகிறவனைத்தான் சுடுவான் என்ற உண்மையை ஒரே உருட்டலில் சொல்லிவிடுகிற விதி. ஆனாலும் இதில் ஒரு தில்லுமுல்லு உண்டு. எங்கள் கூட்டத்து அண்ணன் ஒருவர் மலிவான பிரிவு ஒன்றை முன்னால் தள்ளிவிட்டு, “கிட்ட இருக்கே, அதைச் சுடுலா!” என்று சிரிப்பார். பின்னால் அவருடைய இயந்திரத் துப்பாக்கி சொகுசாக நகரும். 2008-ல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்த விதியையே எடுத்துவிட்டது. நாங்கள் எடுக்கவில்லை, கிட்டத்தில் இருப்பவன் தலை தூக்க முடியாமல் பதுங்கியிருந்தால் அவனைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று திருத்திக்கொண்டோம். அண்ணனின் வித்தை பாதி அடங்கியது.

மூன்றாவது, ஆளைச் சுடாமல் இடத்தைச் சுடுவது. ஜான் ஹில் உருவாக்கி 1977-ல் வந்த ஸ்குவாட் லீடர் என்ற வரைபடப் போர் விளையாட்டில் அறுகோணக் கட்டம் ஒன்று 40 மீட்டர். கட்டத்தைச் சுட்டால் உள்ளே இருக்கிற எல்லாருக்கும் அடி. 1985-ல் வந்த அதன் வாரிசான அட்வான்ஸ்ட் ஸ்குவாட் லீடரில் மறைந்திருப்பவர்களைச் சுட்டால் சுடுதிறன் பாதியாகிவிடும். எனக்கு இதுதான் நிஜத்துக்கு மிக அருகில் தெரிகிறது. செக்‌ஷன் (சிறு சிப்பாய்க் குழு) தலைவன் கொடுக்கும் கட்டளையும் “அந்த மூங்கில் புதர், இடது ஓரம்” என்பது போலத்தானே இருக்கும்? எதிராளியின் முகமா தெரியப்போகிறது, புகையும் சத்தமும்தான். கம்பார் மாதிரி மேடும் புதருமான இடத்துக்கு வேறு விதி எனக்கு வேண்டாம்.

டாங்கி வந்தால் கதை மாறும். அதைப் புதரைச் சுடுவது போலச் சுட முடியாது. ஸ்குவாட் லீடர் குடும்பமே அதற்குத் தனியாக, பட்டதா, பிறகு துளைத்ததா என்று இரண்டு படியாகப் பட்டியல்களில் பார்க்கிறது. 1942 ஜனவரி 7 விடியலுக்கு முன் பேராக்கின் சிலிம் ரிவர் ஊரருகே ஜப்பானிய டாங்கிகள் நெடுஞ்சாலையில் வரிசையாகப் பாய்ந்து வந்தன. சாலையில் முதலில் வருவதுதான் கிட்டத்து இலக்கு, அங்கே இரண்டாவது விதியே போதும், அந்தப் பட்டியல்களைப் புரட்ட வேண்டாம்.

இஷ்டப்படி சுடுவதைப் புதியவரின் முதல் ஆட்டத்துக்கும், குறிபார்த்துச் சுடும் ஸ்னைப்பருக்கும் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை இரவில் ஆறு பேர் கூடினால் இரண்டாவதுதான். கம்பாரை முழுசாக, இட விதியில் ஆட ஒரு பொதுவிடுமுறை நாள் வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினால் சீக்கியக் கம்பெனி முகட்டின் அடிவாரத்தைத் தொடுவதற்குள் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.