டயர் சென்சார்: நான்கு போதும், எட்டு வாங்கினேன்

டொரொண்டோ பக்கத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு வருடத்தில் இரண்டு முறை டயர் கடை யாத்திரை உண்டு. நவம்பரில் பனிக்கால டயர், ஏப்ரலில் மறுபடி சாதா டயர். என்னுடையது 2015 மாடல் டொயோட்டா கொரோலா. பனிக்கால டயருக்குத் தனி ரிம் வைத்திருப்பதால், உள்ளே இருந்து காற்றழுத்தத்தை அளந்து வண்டிக்கு ரேடியோவில் சொல்லும் சென்சாரும் அதற்குத் தனியாக வேண்டும். 2019 அக்டோபரில் நான்கு வாங்கினேன். அதே மாதக் கடைசியில் இன்னொரு நான்கு வாங்கினேன். இந்த ஆறு பனிக்காலமும் ஓடியது அந்த இரண்டாவது நான்கில்தான்.

முதல் நான்கு ஆன்லைனில் வாங்கியது. விற்றவர் பெயர் வேண்டாம். பக்கத்தின் மேலேயே ‘98 சதவீத வண்டிகளுக்குப் பொருந்தும்’ என்று கொட்டை எழுத்து. வண்டியின் வருடத்தையும் பெயரையும் கொடுத்ததும் பச்சை டிக் வந்தது. சரி என்று வாங்கி, வீட்டுப் பக்கத்துக் கடையில் மாட்டியாயிற்று. மறுநாளிலிருந்து வண்டியைக் கிளப்பினால் டயர் விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டுவிட்டு எரியும், பிறகு அணையாமல் நிற்கும். காற்று குறைந்துவிட்டது என்று நினைத்து ஒரு வாரம் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். வண்டியோடு வந்த கையேட்டைப் பிறகுதான் புரட்டினேன். எடுத்த எடுப்பிலேயே நிலையாக எரிந்தால் காற்று குறைவு. முதலில் சிமிட்டிவிட்டுப் பிறகு அணையாமல் எரிந்தால் சென்சார் பேசுவது வண்டிக்குக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

ஸ்கார்பரோவில் டயர் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவரிடம் போனேன். கைக்கருவியை வால்வு அருகில் பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினார். திரையைப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, இது 433. உங்கட வண்டி 315 தானே கேக்கும்.”

மெகாஹெர்ட்ஸ், அதாவது ரேடியோ அலைவரிசைக் கணக்கு. ரேடியோவைச் சென்னை நிலையத்தில் வைத்துக்கொண்டு இலங்கை வானொலிக்குக் காத்திருந்திருக்கிறேன். டயரை ரிம்மிலிருந்து மறுபடி கழற்ற நான்குக்கும் கூலி. விற்றவரோ, மாட்டிய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பொருத்தப் பட்டியலைக் கொஞ்ச நாள் கழித்து நிதானமாகப் பார்த்தேன். ‘கொரோலா 2014–2020’ என்று ஒரே வரி. வட அமெரிக்காவில் 2020 மாடலிலேயே கொரோலா செடான் அடியோடு புது வண்டி. இரண்டு தலைமுறையை ஒரே வரியில் கட்டியவர் அலைவரிசையைப் பார்த்துக் கட்டியிருக்க மாட்டார். நண்பரின் 2018 சிவிக்கைப் போட்டுப் பார்த்தால் அதற்கும் பச்சை டிக்! அந்த வண்டியின் சக்கரத்துக்குள் சென்சாரே கிடையாது. காற்று குறைந்த சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுழலும். சக்கர வேகத்தைக் கவனிக்கும் பிரேக் அமைப்பான ஏபிஎஸ் அதை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. இல்லாத சென்சாருக்கு மாற்று சென்சார் விற்கிறவர் சொல்லும் 98 எதில் 98 என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கனடாவில் இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் 2007 செப்டம்பருக்குப் பிறகு வந்த கார்களுக்கு இந்த எச்சரிக்கை கட்டாயம். இங்கே அப்படிச் சட்டம் இல்லை. அங்கே போட்ட பட்டியலை அப்படியே இங்கே ஒட்டுவது சரிப்படாது.

அண்ணாவின் கருவியிலும் ஒரு பட்டியல் இருந்தது. அதில் சதவீதம் இல்லை. வண்டியைத் தேர்ந்தெடுத்தால் அலைவரிசை, டொயோட்டாவின் பாக எண், சென்சாரை வண்டிக்கு அறிமுகப்படுத்தும் முறை எல்லாம் வரும். சில வண்டிகளுக்கு ‘ஆதரவு இல்லை’ என்றே இருந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது அந்த வரியைப் பார்த்துத்தான்.

அவர் கொடுத்தது, அடையாள எண்ணைக் கருவியால் எழுதக்கூடிய வெற்று சென்சார். கொரோலா தன் நான்கு சென்சார்களின் அடையாள எண்ணையும் நினைவில் வைத்திருக்கும். புது எண் வந்தால் ஓபிடி வழியாக, அதாவது வண்டியின் கணினியோடு கருவியை இணைக்கும் துளை வழியாக, எழுதித்தான் ஏற்ற வேண்டும், அதற்கு ஒவ்வொரு முறையும் காசு. அதனால் சாதா டயரில் இருந்த கம்பெனி சென்சார்களின் எண்களையே புதிதில் நகலெடுத்துவிட்டார். டயர் மாறியதே வண்டிக்குத் தெரியாது.

அப்புறம் பெரிய தொல்லை இல்லை. இந்த வண்டி அழுத்தத்தை எண்ணாகக் காட்டாது, விளக்கு மட்டும்தான். அக்டோபரில் 33 பிஎஸ்ஐ அடித்தது -20 டிகிரி காலையில் 27 பக்கம் வந்துவிடும். ஒரு ஜனவரியில் குளிர் அதற்கும் கீழே போனபோது விளக்கு வந்தது. கை அளவியில் 25. சென்சார் பொய் சொல்லவில்லை.

மூன்றாவது வருடத்துக் கோளாறு மட்டும் என் தவறு. அழகுக்காக வால்வில் உலோக மூடி போட்டிருந்தேன். சாலையில் கொட்டும் உப்பு, அலுமினியத் தண்டு, பித்தளை மூடி மூன்றும் சேர்ந்து ஒரே கட்டியாகப் பிடித்துக்கொண்டன. குறடால் திருகியபோது மூடியோடு தண்டும் கையோடு வந்தது. நல்லவேளை, தண்டை மட்டும் தனியாக மாற்ற முடிந்தது. இப்போது பத்து பைசா பெறாத பிளாஸ்டிக் மூடிதான்.

2024 ஏப்ரலில் சாதா டயரை மாட்டியதும் பழையபடி விளக்கு சிமிட்டியது. வண்டியோடு வந்த கம்பெனி சென்சார்களில் ஒன்றின் பேட்டரி ஒன்பது வருடத்தில் தீர்ந்திருந்தது. உள்ளேயே வைத்து அடைத்த பேட்டரி, மாற்ற வழியில்லை. செத்த சென்சாரிலிருந்து எண்ணைப் படிக்கவும் முடியாது. “பனி ரயரில ஒண்டைக் கொண்டு வாங்கோ” என்றார் அண்ணா. எது என்று தெரியாமல் அடித்தளத்திலிருந்து நான்கு சக்கரத்தையும் உருட்டி ஏற்றிக்கொண்டு போனேன். மூன்றாவது சக்கரத்தில் அந்த எண் கிடைத்தது.