பேர் போடாத 'சளிப் பொடி' வாங்காதீங்க: சேலம் புறாக்காரங்க கவனத்துக்கு

அம்மாப்பேட்டையில மாடியில நாப்பது புறா வச்சிருந்தேன், பாதி ஹோமர், அதாவது தூரத்துல விட்டாலும் வீடு திரும்புற பந்தயப் புறா. போன கார்த்திகைக் கடைசியில ஒரு ஆணுக்கு ஒரு கண்ணுல மட்டும் தண்ணி வடிஞ்சது. அதைத் துடைச்சுத் துடைச்சு தோள்பக்க இறகெல்லாம் ஈரமா ஒட்டிக்கிடந்தது. மூக்கு மேல இருக்கிற வெள்ளைச் சதை சாம்பல் நிறமா மாறிடுச்சு. ராத்திரி கூண்டுகிட்ட நின்னா கரகரன்னு மூச்சு கேக்கும்.

பறவை மருந்து விக்கிற ஒரு கடையில போன்ல போட்டோ காட்டினேன். "தம்பி, எல்லாச் சளிக்கும் இது ஒண்ணு போதும்"னு சொல்லி ஜிப் கவர்ல மஞ்சள் பொடி கொடுத்தார். 600 ரூபாய். மருந்துப் பேர் இல்லை, தேதி இல்லை, பில்லும் இல்லை. அப்பவே திரும்பி வந்திருக்கணும். அஞ்சு நாள்ல ஒன்பது புறா போச்சு. அப்பா கையில ஏறி உக்காந்து கம்பு தின்ன பெட்டையும் அதுல ஒண்ணு.

நோய்ப்பட்ட ரெண்டை அட்டைப்பெட்டியில வச்சு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனேன். டாக்டர் அலகைப் பிரிச்சதும் தொண்டையில திரிஞ்ச பால் மாதிரி மஞ்சள் கட்டி. அஞ்சு நாளா ஒருதடவை நான் வாயைத் திறந்து பாக்கலை. பஞ்சுக்குச்சியை வெதுவெதுப்பான உப்புத்தண்ணியில நனைச்சு தொண்டையில ஒத்தி எடுத்தார். உடனே மைக்ரோஸ்கோப்புல காட்டினார், துடிச்சுத் துடிச்சு நீந்துது. டிரைக்கோமோனாஸ்ங்கிற ஒட்டுண்ணிக் கிருமி. சாதாரண சளி மருந்துக்கு அது அடங்காது, மெட்ரோனிடசோல் வகைதான் வேணுமாம். எடுத்த சளி ஆறிப்போனா கிருமியோட அசைவு நின்னுடும், அதனால புறாவையே கொண்டு வந்தது நல்லதுன்னார். பொடிக் கவரைப் பாத்து, "பேரில்லாத தூளுக்கு நான் என்னங்க சொல்ல?"ன்னார்.

கண்ணுக்கு கிளமிடியாங்கிற பாக்டீரியா சந்தேகம்னு டாக்சிசைக்ளின் ஆன்டிபயாடிக் எழுதினார். அது கொடுக்கிற நாள்ல கிரிட்டை, அதாவது புறா கொத்தித் தின்ன வைக்கிற சிறுகல் கலவையை, எடுத்துடணும், அதுல இருக்கிற சுண்ணாம்பு மருந்தைக் கட்டிப்போட்டுடும். கடைக்காரர் கிரிட்டைப் பத்தி வாயே திறக்கலை. இந்தக் கிருமி எச்சத்தூள் வழியா மனுஷனுக்கும் தொத்தும்னு கேட்டப்பதான் எனக்குக் கை நடுங்கிச்சு. தினமும் மாடியைக் கூட்டுறது அம்மா. இப்ப தண்ணி தெளிச்சு, மாஸ்க் போட்டு நானே கூட்டுறேன்.

தண்ணித்தொட்டி ஒண்ணுங்கறதால நல்லா இருந்ததுக்கும் சேர்த்து முப்பத்தொண்ணுக்கும் மருந்து கொடுத்தோம். பிழைச்சுடுச்சுங்க, ஒரு ஹோமர் மட்டும் ஒரு சுத்து பறந்ததும் வாயைத் திறந்துட்டு இறங்கிடுது.

கடைக்காரர்கிட்ட போய்க் கேட்டேன். "நான் கொடுத்ததுக்கு என்ன அத்தாட்சி?"ன்னார். மிச்சப் பொடி என்கிட்டதான் இருக்கு. இதே மாதிரி கவர் உங்க வீட்டுல இருந்தா தண்ணியில கலக்காதீங்க. கரகரக்கிற புறாவைத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க.